வலி எடுக்கும்போது கருப்பைத் தசையில் என்ன மாறுகிறது? மரபணு ஆய்வுகளைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

37 வாரம் முடிந்த ஒரு பெண், வயிறு இறுக்கிப் பிடிக்கிறது என்று ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். பார்த்துவிட்டு, "இது சூட்டு வலிதாம்மா, வாய் இன்னும் திறக்கல, வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். நாலு நாள் கழித்து அதே பெண் நிஜ வலியோடு வருகிறார். விடிவதற்குள் குழந்தை பிறந்துவிடுகிறது. முதல் ராத்திரி இறுகிப் பிடித்ததும், நாலாம் நாள் குழந்தையை வெளியே தள்ளியதும் ஒரே தசைதான். அந்த நாலு நாளில் தசைக்குள் என்ன மாறியது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் ஆய்வுகள் மரபணுப் பட்டியல்களாக வருகின்றன. "வலியின்போது இத்தனை மரபணுக்கள் கூடின, இத்தனை குறைந்தன" என்று நீளமான அட்டவணை. முதல் தடவை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். முதுகலை மாணவர்கள், மகப்பேறு மருத்துவம் படிப்பவர்கள், செவிலியர்கள் அந்த அட்டவணையைத் தைரியமாகக் கையில் எடுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளி உயிரியல் நினைவிருந்தால் போதும்.

படி 1: முதலில் தசையைப் பாருங்கள்

கர்ப்பம் இல்லாதபோது கருப்பையின் எடை ஏறக்குறைய 70 கிராம். பேறுகாலம் நெருங்கும்போது ஒரு கிலோ அளவுக்கு வந்துவிடும். குழந்தை, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி எதையும் சேர்க்காமல் வெறும் கருப்பையின் எடை மட்டும் இது. ஆரம்ப மாதங்களில் தசைச் செல்களின் எண்ணிக்கை கூடுகிறது. அப்புறம் இருக்கிற செல்களே நீண்டு பருக்கின்றன.

சுவருக்கு மூன்று அடுக்கு. உள்ளே டெசிடுவா எனப்படும் படலம், வெளியே மெல்லிய உறை, நடுவில் தடித்த தசை. இந்த நடு அடுக்குக்கு மயோமெட்ரியம் என்று பெயர். நாம் பேசப்போவது முழுக்க இதைப் பற்றித்தான். கர்ப்பப்பை வாய் வேறு கதை. அது பெரும்பாலும் நார்ப்பொருளால் ஆனது. அது மென்மையாகி விரிவதற்கான மரபணு மாற்றங்களும் வேறு.

மயோமெட்ரியத்தில் ஒரு சின்னத் துண்டை எடுத்து, உடல் சூட்டில் உப்புக் கரைசலில் தொங்கவிட்டால் அது தானாகவே சுருங்கி விரியும். மூளையிலிருந்து கட்டளை வர வேண்டியதில்லை, நரம்பு தேவையில்லை. இது நம் கேள்வியையே திருப்பிப் போடுகிறது. பிரசவத்தில் ஏன் சுருங்குகிறது என்பதை விட, அதுவரை ஏன் பேசாமல் இருந்தது என்பதுதான் பெரிய புதிர்.

சுருக்கம் நடக்கும் விதம் இதுதான். செல்லின் சவ்வில் மின்னழுத்தம் மாறுகிறது. எல்-வகைக் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே வந்த கால்சியம் கால்மொடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, மையோசினைத் தூண்டும் ஒரு நொதியை முடுக்கிவிடுகிறது. செல் சுருங்குகிறது. ஆனால் ஒரு செல் சுருங்கி என்ன ஆகப்போகிறது? வடம் பிடிக்க ஆயிரம் பேர் நின்றாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. சூட்டு வலிக்கும் நிஜ வலிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுதான்: முன்னதில் அங்கங்கே இழுக்கிறார்கள், பின்னதில் எல்லோரும் சேர்ந்து இழுக்கிறார்கள். சேர்ந்து இழுக்க வைக்கும் கயிறு எது என்பதை 4-ஆம் படியில் பார்ப்போம்.

படி 2: "வெளிப்பாடு" என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

கண் செல்லிலும் கருப்பைத் தசைச் செல்லிலும் இருப்பது அதே டிஎன்ஏ. புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. எந்தச் செல் எந்த மரபணுவை எவ்வளவு படியெடுக்கிறது என்பதில்தான் வேறுபாடு. அந்தப் படிகளே தூது ஆர்என்ஏ. அவற்றை எண்ணுவதைத்தான் வெளிப்பாட்டை அளப்பது என்கிறோம்.

ஆர்என்ஏ கூடினால் புரதமும் அதே அளவு கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். பல சமயம் கூடும், சில சமயம் கூடாது. புரதம் கூடினாலும் அது செல்லின் உள்ளேயே தேங்கிக் கிடந்தால் பயனில்லை, சவ்வுக்குப் போய்ச் சேர வேண்டும். சமையல் குறிப்பு எத்தனை பிரதி அச்சாகியது என்று எண்ணிவிட்டு, இத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது, இல்லையா?

படி 3: அமைதி காத்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாடநூல்கள் தசையின் பயணத்தை நான்கு கட்டமாகப் பிரிக்கின்றன: அமைதி, தயாராதல், தூண்டப்படுதல், பழைய நிலைக்குச் சுருங்குதல். கர்ப்பத்தின் மிகப் பெரும்பகுதி முதல் கட்டம்தான்.

அந்த அமைதியின் காவலாளி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். அதன் தடையால்தான் கருப்பை சும்மா இருக்கிறது, தடை விலகினால் பிரசவம் என்று 1950-களில் ஆர்பாட் சாப்போ வாதிட்டார். எலி, முயல், ஆடு இவற்றில் இது அழகாகப் பொருந்துகிறது. பிரசவத்துக்குச் சற்று முன்னால் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சரிந்துவிடுகிறது. மனிதர்களில் அப்படி நடப்பதில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதும் தாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஏராளமாக இருக்கிறது. நஞ்சு வெளியே வந்த பிறகுதான் சரிகிறது.

அப்படியானால் மனிதர்களில் இந்த ஹார்மோனுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஹார்மோனின் செய்தியைச் செல்லில் வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். புரோஜெஸ்டிரோன் ஏற்பியை அடைக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மருந்தைக் கொடுத்தால், கர்ப்பத்தின் எந்தக் கட்டத்திலும் கருப்பை சுருங்கத் தலைப்படுகிறது. ஆக, காவலாளி வேலையில்தான் இருக்கிறார். பிரசவ நேரத்தில் அவர் குரல் தசையின் காதில் விழுவதில்லை. இந்தத் துறையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஹார்மோனின் அளவு அப்படியே இருக்கும்போது, கேட்பவரின் காது மாறிவிடுகிறது. அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் தெரியாத மாற்றம் தசையின் மரபணுக்களில் தெரிகிறது.

காது எப்படி மாறுகிறது? இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். பிஜிஆர் என்ற ஒரே மரபணுவிலிருந்து புரோஜெஸ்டிரோன் ஏற்பியின் இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன. நீளமானது பி. அதன் முன்பக்கம் 164 அமினோ அமிலங்கள் குறைந்தது ஏ. பி வடிவம் சுருக்கத்துக்கான மரபணுக்களை அடக்கிவைக்கிறது. ஏ வடிவம் பி-யின் வேலையைக் கெடுக்கிறது, சில இடங்களில் நேர் எதிரான வேலையையே செய்கிறது. வலி தொடங்கும்போது தசையில் ஏ-யின் விகிதம் ஏறுகிறது. 2002-ல் சாம் மெசியானோ குழு இதை மனிதத் தசையில் காட்டியது. இதோடு, ஏகேஆர்1சி1 என்ற மரபணு தரும் நொதி, தசைச் செல்லுக்குள்ளேயே புரோஜெஸ்டிரோனைச் செயலற்றதாக மாற்றிவிடுகிறது. வெளியே வெள்ளம், செல்லுக்குள் வறட்சி.

இன்னொரு ஜோடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்1, செப்2 என்ற இரண்டு புரதங்கள் அமைதிக் காலத்தில் ஆக்ஸிடோசின் ஏற்பி, கனெக்ஸின் 43 ஆகியவற்றின் (இரண்டையும் அடுத்த படியில் பார்ப்போம்) மரபணுக்கள் மேல் உட்கார்ந்து அமுக்கிப் பிடிக்கின்றன. புரோஜெஸ்டிரோன் இவற்றுக்குத் துணை. கர்ப்பம் முடியும் தறுவாயில் மிர்-200 என்ற குட்டி ஆர்என்ஏ குடும்பம் பெருகி, செப் இரண்டையும் குறைத்துவிடுகிறது. மூடி திறந்துகொள்கிறது. கரோல் மெண்டல்சனின் ஆய்வகம் 2010-ல் வெளியிட்ட இந்த வேலையை எலியிலும் மனிதத் தசையிலும் பார்த்தார்கள். கூடுகிறவற்றை மட்டும் தேடாதீர்கள், குறைகிறவற்றையும் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் நான் காட்டும் உதாரணம் இது.

படி 4: விழித்துக்கொள்ளும் மரபணுக்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

முதலில் ஜிஜேஏ1. இது தரும் புரதம்தான் கனெக்ஸின் 43. ஆறு கனெக்ஸின்கள் வட்டமாகக் கூடி ஒரு குழாயின் பாதி ஆகின்றன. பக்கத்துச் செல்லின் பாதியோடு அது பொருந்தினால் முழுக்குழாய். இதற்குக் கேப் ஜங்ஷன் என்று பெயர். மின்தூண்டல் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு இதன் வழியாகத் தாவுகிறது. தேர் வடம் என்று சொன்னேனே, அது இதுதான். கர்ப்ப காலம் முழுக்க இந்தக் குழாய்கள் அரிதாகவே இருக்கும். 1977-ல் ராபர்ட் கார்ஃபீல்டும் கூட இருந்தவர்களும் எலியின் கருப்பைத் தசையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, பிரசவத்தையொட்டி இவை திடீரென்று பெருகியிருந்தன. பிரசவம் முடிந்ததும் மறைந்தும்விட்டன. ஓரிரு நாளுக்கு மட்டும் கட்டப்பட்டுக் கழற்றப்படும் பாலம்.

அடுத்து ஓஎக்ஸ்டிஆர், அதாவது ஆக்ஸிடோசின் ஏற்பி. ஆக்ஸிடோசின் ஒன்பது அமினோ அமிலம் கொண்ட சின்ன ஹார்மோன். 1953-ல் வின்சென்ட் டு விக்னோ இதைச் செயற்கையாகத் தயாரித்தார், 1955-ல் நோபல் பரிசு கிடைத்தது. வலி தொடங்க இந்த ஹார்மோன் இரத்தத்தில் எகிற வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதைவிட முக்கியம் ஏற்பி பெருகுவது. அதனால்தான் 20-ஆவது வாரத்தில் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவு ஆக்ஸிடோசின், 40-ஆவது வாரத்தில் வயிற்றைக் கல்லாக்குகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பேறுகாலம் நெருங்கிய, வலி இன்னும் எடுக்காத பெண்களின் தசையையும், வலியில் இருப்பவர்களின் தசையையும் ஒப்பிடும் சில ஆய்வுகளில் ஓஎக்ஸ்டிஆர் பட்டியலிலேயே வராது. மாணவர்கள் குழம்பிப்போவார்கள். குழம்ப வேண்டாம். ஏற்பி ஏற்கெனவே வாரக்கணக்கில் ஏறி உயரத்துக்கு வந்துவிட்டது. மலை உச்சிக்குப் பக்கத்தில் இரண்டு இடங்களை அளந்தால் உயர வித்தியாசம் தெரியாது.

பிடிஜிஎஸ்2, கருப்பையைச் சுருங்கத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் நொதிக்கானது. அந்த நொதியின் இன்னொரு பெயரான காக்ஸ்-2 என்றால் வலி மாத்திரை விளம்பரம் பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும். பிடிஜிஎஃப்ஆர் அந்தப் புரோஸ்டாகிளாண்டினில் ஒன்றுக்கான ஏற்பி. பல ஆய்வுகளில், வலியில் தவறாமல் கூடுபவர்களில் பிடிஜிஎஸ்2 முன்வரிசையில் நிற்கும்.

அதற்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கூட்டம் இருக்கும்: ஐஎல்6, சிஎக்ஸ்சிஎல்8, சிசிஎல்2, ஐஎல்1பி. எல்லாமே அழற்சிக்கான மரபணுக்கள். கிருமி இல்லாத, முழுக்க இயல்பான பிரசவத்திலும் தசைக்குள் அழற்சி நடக்கிறது. நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் தசைக்குள் நுழைகின்றன. என்எஃப்-கப்பாபி என்ற கட்டுப்படுத்தி இந்த மரபணுக்களைத் தட்டியெழுப்புகிறது. சில்லு வைத்து ஆர்என்ஏவை அளந்த மைக்ரோஅரே காலத்திலும் சரி, ஆர்என்ஏவின் எழுத்துகளையே படித்து எண்ணும் வரிசையாக்கக் காலத்திலும் சரி, மனித மயோமெட்ரியத்தில் திரும்பத் திரும்ப மேலே வந்த செய்தி இந்த அழற்சிதான். பிரசவத்தை ஹார்மோன் கதையாக மட்டும் படித்து வந்தவர்களுக்கு இது பெரிய திருப்பம்.

ஃபாஸ், ஜுன் குடும்பம் அதாவது ஏபி-1, மற்ற மரபணுக்களை இயக்கவும் அமுக்கவும் செய்யும் புரதக் கூட்டம்; இந்த மாற்றங்களுக்கு மேற்பார்வையாளர். ஜுன்பி, ஜுன்டி இணைகள் புரோஜெஸ்டிரோன் ஏற்பி பி-யோடு சேர்ந்து கனெக்ஸின் மரபணுவை அமுக்குகின்றன. ஃபாஸும் ஜுனும் இணைந்து ஏ-யோடு சேரும்போது அதே மரபணு ஓட ஆரம்பிக்கிறது. டொராண்டோவில் ஸ்டீபன் லை, ஒக்சானா ஷின்லோவா ஆகியோர் நீண்ட காலம் பார்த்துவந்த விஷயம் இது. கருப்பை இழுபடுவதும் கனெக்ஸினைக் கூட்டுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். இரட்டைக் குழந்தைகள் சீக்கிரம் பிறந்துவிடுவதற்கு அந்த இழுவிசையும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அயனி வாயில்களைப் பற்றி ஒன்று மட்டும். செல்லை அமைதியாக வைத்திருப்பவை பொட்டாசியம் வாயில்கள். கேசிஎன்எச்2 தரும் ஹெர்க் வாயில் அவற்றில் ஒன்று. வலியின்போது அதன் துணைப்புரதமான கேசிஎன்இ2 கூடி, அந்த வாயிலின் செயல்பாட்டைக் குறைக்கிறது. சுருக்கம் நீடிக்கிறது. உடல்பருமன் உள்ள பெண்களில் இந்த மாற்றம் சரியாக நடக்கவில்லை என்று 2014-ல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று எழுதியது. வலி எடுத்தும் முன்னேறாத பிரசவம் அவர்களிடம் அதிகம் என்பதோடு இது பொருந்துகிறது.

படி 5: சதைத் துண்டு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். நான் அதிக நேரம் நிற்பதும் இங்கேதான்.

காட்சியைக் கண்முன் கொண்டுவாருங்கள். சிசேரியன் நடக்கிறது. குழந்தையை எடுத்தாயிற்று. தையல் போடும் முன், கீறலின் மேல் விளிம்பிலிருந்து மொச்சைக் கொட்டை அளவு சதையை மருத்துவர் வெட்டித் தருகிறார். உப்புநீரில் அலசி இரத்தத்தைப் போக்க வேண்டும். உட்பக்கம் ஒட்டியிருக்கும் டெசிடுவாவைச் சுரண்டி எடுக்க வேண்டும். சின்னச் சின்னத் துண்டாக்கி மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட வேண்டும். அது "ஸ்ஸ்" என்று சீறி அடங்கும். நைட்ரஜன் இல்லாத இடத்தில் ஆர்என்ஏலேட்டர் திரவம். அதில் போடும்போது துண்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தால் திரவம் நடுவரைக்கும் ஊறாது. எல்லாவற்றையும் சில நிமிடங்களில் முடிக்க வேண்டும். ஆனால் சிசேரியன் நடுராத்திரியில் நடக்கும், சாம்பிள் வாங்க வேண்டியவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

எங்களுக்கு ஒரு தடவை வந்த சாம்பிள்களில் ஒன்றில் ஹீமோகுளோபின் மரபணுக்கள் முதலிடத்தில் நின்றன. தசையில் ஹீமோகுளோபினுக்கு என்ன வேலை? சரியாக அலசவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றில் புரோலாக்டினும் ஐஜிஎஃப்பிபி1-உம் எகிறியிருந்தன. அவை டெசிடுவாவின் கையெழுத்து. மூன்றாவதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டோம். அம்மாவின் தசையில் ஒய் குரோமோசோம் மரபணு ஓடிக்கொண்டிருந்தது. பிறந்தது ஆண் குழந்தை, குழந்தைப் பக்கத்துச் சவ்வும் சேர்ந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தத் தரவைத் திறந்தாலும் இந்த மூன்றையும் முதலில் பார்ப்பது என் வழக்கம்.

ஃபாஸ், ஜுன் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. இவை அதிர்ச்சிக்கு நிமிடக்கணக்கில் பதில் சொல்லும் மரபணுக்கள். கத்தி பட்டாலும் ஏறும், மேசையில் கிடந்தாலும் ஏறும். பிரசவத்திலும் உண்மையாகவே ஏறுகின்றன. எது எதனால் என்று பிரிக்க, இரண்டு குழுவின் சாம்பிள்களும் ஒரே வேகத்தில் உறையவைக்கப்பட்டனவா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, யாருடைய சதை? வலியில்லாத குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் முன்பே சிசேரியன் ஆனவர்கள், மறுபடி தேதி குறித்து வந்தவர்கள். அவர்கள் கருப்பையின் கீழ்ப்பகுதியில் பழைய தழும்பு உண்டு. வலியிலிருந்த குழுவில் பலர் முதல் பிரசவக்காரர்கள். அவர்களுக்கு ஏன் சிசேரியன்? பிரசவம் முன்னேறவில்லை, குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கியது, இப்படி ஏதோ ஒன்று. நன்றாக நடந்த சுகப்பிரசவத்தின் தசையை யாரும் வெட்டிப் பார்ப்பதில்லை. அதனால் நம் கையில் இருக்கும் "வலியில் உள்ள தசை" பெரும்பாலும் எங்கோ தடுமாறிய பிரசவத்தின் தசை. அதோடு ட்ரிப்ஸில் ஆக்ஸிடோசின் ஏறியதா, வாய் 4 சென்டிமீட்டரில் எடுத்ததா 9-இல் எடுத்ததா, பனிக்குடத்தில் தொற்று இருந்ததா என்பதும் தெரிந்தாக வேண்டும்.

கடைசியாக, எந்த இடத்துச் சதை? சிசேரியன் கீறல் கீழ்ப்பகுதியில் போடப்படுகிறது. பிரசவத்தில் வலுவாகச் சுருங்குவது மேல்பகுதி. இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மேல்பகுதிச் சதை கிடைப்பது அரிது.

படி 6: சதையிலிருந்து அட்டவணை வரை

இதை வேகமாகவே சொல்லிவிடலாம், இணையத்தில் இதற்குப் பாடம் ஏராளம். சதையை அரைத்து ஆர்என்ஏ பிரிக்க வேண்டும். கருப்பைத் தசை நார் நிறைந்தது, லேசில் மசியாது. கூட வரும் டிஎன்ஏவை நொதியால் நீக்க வேண்டும். ஆர்என்ஏ சிதையாமல் இருக்கிறதா என்பதற்கு ரின் மதிப்பெண் உண்டு, 1 முதல் 10 வரை. 7-க்குக் கீழே வந்தால் யோசியுங்கள். பிறகு வரிசையாக்கம். வந்த துணுக்குகளின் தரத்தை ஃபாஸ்ட்க்யூசி என்ற மென்பொருளில் பார்த்து, ஸ்டார் அல்லது சால்மன் மென்பொருள் கொண்டு எந்த மரபணுவுக்கு எத்தனை என்று எண்ணி, ஆர் என்ற நிரல்மொழியில் டெசெக்2 அல்லது எட்ஜ்ஆர் வைத்து இரண்டு குழுவையும் ஒப்பிடுகிறார்கள்.

ஒப்பிடுவதற்கு முன் எல்லாச் சாம்பிள்களையும் ஒரு முதன்மைக் கூறு வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒத்த சாம்பிள்கள் அதில் பக்கத்தில் பக்கத்தில் விழும். வலிக் குழுவும் வலியில்லாக் குழுவும் தனித்தனியாகப் பிரிந்தால் மகிழ்ச்சி. திங்கட்கிழமை ஓட்டியவையும் வியாழக்கிழமை ஓட்டியவையும் தனித்தனியாகப் பிரிந்தால், நீங்கள் அளந்தது கிழமையை.

படி 7: ஒரு வரியை மட்டும் எடுத்து முழுதாகப் படியுங்கள்

கற்பனையாக ஒரு வரி எடுத்துக்கொள்வோம். ஜிஜேஏ1: வலியில்லாதவர்களில் சராசரி எண்ணிக்கை 2,000, வலியிலிருப்பவர்களில் 8,000. நான்கு மடங்கு. அட்டவணையில் இது "லாக்2 மாற்றம் 2" என்று எழுதப்பட்டிருக்கும், ஏனென்றால் இரண்டின் இரண்டாம் அடுக்கு நான்கு. மைனஸ் 1 என்றால் பாதியாகக் குறைந்தது.

பக்கத்தில் பி மதிப்பு (p-value) இருக்கும், அதாவது உண்மையில் மாற்றமே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு. அதற்கும் பக்கத்தில் திருத்திய பி மதிப்பு. முதலாவதை விட்டுவிடுங்கள். 20,000 மரபணுக்களை ஒரே நேரத்தில் சோதித்தால், உண்மையில் எதுவுமே மாறாதபோதும் 0.05-க்குக் கீழே சுமார் 1,000 மரபணுக்கள் தற்செயலாக வந்து நிற்கும். இதைச் சரிசெய்யத்தான் 1995-ல் பெஞ்சமினி, ஹாக்பெர்க் இருவரும் ஒரு முறை கொடுத்தார்கள். திருத்திய மதிப்பு அதிலிருந்து வருகிறது.

அப்புறம் அடிப்படை எண்ணிக்கை. 2-லிருந்து 8 ஆனாலும் நான்கு மடங்குதான், 2,000 எட்டாயிரம் ஆனாலும் நான்கு மடங்குதான். முதலாவதை நம்பி ஆய்வுக்கட்டுரை எழுதாதீர்கள்.

இப்போது முக்கியமான கேள்வி: கூடியது மரபணுவா, செல்லா? சிஎக்ஸ்சிஎல்8 பத்து மடங்கு ஏறியிருக்கிறது என்று வையுங்கள். தசைச் செல்லே அதைக் கூடுதலாகத் தயாரிக்கலாம். அல்லது வெளியிலிருந்து வந்த வெள்ளணுக்கள் கொண்டுவந்திருக்கலாம். மொத்தமாக அரைத்த சதையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பிரிக்க வேண்டுமானால் செல் செல்லாக வரிசையாக்கம் செய்ய வேண்டும். டெட்ராய்ட் குழு ஒன்று 2022-ல் மனித மயோமெட்ரியத்துக்கு அப்படி ஒரு வரைபடம் வெளியிட்டது. உங்களிடம் அந்த வசதி இல்லையென்றால், வெள்ளணுக்களுக்கே உரிய மரபணுக்கள் சேர்ந்து ஏறியிருக்கின்றனவா என்றாவது பாருங்கள்.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. இந்த மாற்றத்தால் வலி வந்ததா, வலி வந்ததால் இந்த மாற்றமா? பல மணி நேரம் இறுகி இறுகித் தளரும் தசைக்கு இரத்த ஓட்டம் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆக்சிஜன் குறைவுக்கும் களைப்புக்கும் அதன் மரபணுக்கள் பதில் சொல்லும். ஒரே ஒரு தருணத்தில் எடுத்த சதையால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

படி 8: விலங்கு ஆய்வுகளை எந்த அளவுக்கு நம்புவது

காரணமா விளைவா என்பதைச் சோதிக்க, மரபணுவை நீக்கிப் பார்க்க வேண்டும். அது சுண்டெலியில்தான் முடியும். கருப்பையின் மென்தசையில் மட்டும் கனெக்ஸின் 43-ஐ நீக்கினால் பிரசவம் தாமதமாகிறது. சரி, எதிர்பார்த்ததுதான்.

ஆக்ஸிடோசின் மரபணுவையே நீக்கினால்? 1996-ல் செய்து பார்த்தார்கள். சுண்டெலி எந்தச் சிக்கலும் இல்லாமல் குட்டி போட்டது. ஆனால் பால் இறங்கவில்லை, குட்டிகள் பட்டினியால் செத்தன. பிரசவ ஹார்மோன் என்று நாம் பெயர் வைத்தது, சுண்டெலிக்குப் பிரசவத்துக்கே அவசியமில்லை.

பிடிஜிஎஃப்ஆர் கதை இதற்கு நேர் எதிர். 1997-ல் அந்த ஏற்பியை நீக்கியபோது சுண்டெலிகளால் குட்டி போடவே முடியவில்லை. அப்படியானால் கருப்பை சுருங்க அதுதான் உயிர்நாடி என்று முடிவு கட்டலாமா? சூலகத்தை அகற்றியதும் அதே எலிகளுக்குப் பிரசவமாகிவிட்டது. சிக்கல் கருப்பையில் இல்லை. ஏற்பி இல்லாததால் சூலகத்தில் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் மஞ்சள் உடலம் அழியவில்லை, புரோஜெஸ்டிரோன் இறங்கவில்லை. மனிதர்களிலோ, 3-ஆம் படியில் சொன்னபடி, பிரசவத்துக்கு முன் புரோஜெஸ்டிரோன் இறங்குவதே இல்லை, அதைத் தயாரிப்பதும் முதல் சில வாரங்களுக்குப் பிறகு நஞ்சுக்கொடிதான். எலியின் முடிவை அப்படியே தூக்கி மனிதருக்குப் பொருத்தினால் எங்கே வழுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இடைவழி ஒன்று உண்டு: சிசேரியனில் கிடைத்த தசைச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, ஒரு மரபணுவைக் குறைத்துப் பார்ப்பது. அதற்கும் விலை உண்டு. தட்டில் சில நாள் வளர்ந்த செல், தான் கருப்பைத் தசை என்பதையே கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடும்.

படி 9: பிரசவ அறையோடு பொருத்திப் பாருங்கள்

வலி வர வைக்க ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸ் போடுகிறோம். நெடுநேரம் ஏற்றினால் தசையில் ஏற்பியும் அதன் ஆர்என்ஏவும் குறைந்துவிடுகின்றன என்று மனிதத் தசையிலேயே பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் கருப்பை தளர்ந்து இரத்தப்போக்கு ஏற்படும் ஆபத்து அதிகம். அந்த நேரத்தில் மறுபடி ஆக்ஸிடோசினையே கூட்டினால் எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போகலாம். ஏற்பி வேறாக இருக்கும் புரோஸ்டாகிளாண்டின், எர்கோமெட்ரின் வகை மருந்துகள் கைகொடுப்பதன் பின்னணி இது.

குறைப்பிரசவத்தைத் தள்ளிப்போடக் கொடுக்கும் மருந்துகளையும் அட்டவணையில் தேடிப்பாருங்கள். நிஃபெடிபின் அடைப்பது முதல் படியில் சொன்ன எல்-வகைக் கால்சியம் வாயிலை. அடோசிபன் அடைப்பது ஆக்ஸிடோசின் ஏற்பியை. இரண்டுமே கடைசிக் கட்டத்தில் கை வைக்கின்றன. தசை ஏற்கெனவே மாறிவிட்ட பிறகு வாசலில் நின்று மறிக்கின்றன. பெரும்பாலும் ஓரிரு நாள் அவகாசம்தான் கிடைக்கிறது, குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய அது உதவுகிறது.

மேலே போய்ப் புரோஜெஸ்டிரோனையே கூடுதலாகக் கொடுத்தால்? 17-ஓஎச்பிசி என்ற ஊசி அமெரிக்காவில் 2011 முதல் அதற்காகவே புழங்கியது. பிற்பாடு நடந்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை, 2023-ல் அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். கர்ப்பப்பை வாய் நீளம் குறைந்தவர்களுக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் புரோஜெஸ்டிரோனுக்கு இன்றும் இடம் இருக்கிறது. ஆனால் காது கேட்காதவரிடம் சத்தம் போட்டுப் பேசுவதால் மட்டும் என்ன பயன் என்ற கேள்வி அங்கே நிற்கிறது. அதனால்தான் ஏற்பியின் ஏ, பி விகிதத்தையோ மிர்-200 குடும்பத்தையோ தொட முடியுமா என்று ஆய்வகங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

படி 10: நீங்களே ஒரு தரவைத் திறந்து பாருங்கள்

மரபணு வெளிப்பாட்டு ஆய்வுகளின் தரவைச் சேர்த்துவைக்கும் ஜியோ (GEO) தரவுத்தளத்தில் மயோமெட்ரியம், மனிதர், பிரசவம் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மரபணு அட்டவணையை உடனே திறக்காதீர்கள். சாம்பிள் விவரத் தாளை முதலில் திறந்து, முந்தைய சிசேரியன், ஆக்ஸிடோசின், வாய் திறந்திருந்த அளவு, இந்த மூன்றுக்கும் பத்தி இருக்கிறதா பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் அடுத்த தரவுக்குப் போங்கள்.

இருந்தால், எட்டு மரபணுக்களை மட்டும் எடுங்கள். பிடிஜிஎஸ்2, ஜிஜேஏ1, ஓஎக்ஸ்டிஆர், செப்1, ஐஎல்6 என்ற ஐந்தும் கேள்விக்கு. ஹீமோகுளோபின் பீட்டா, புரோலாக்டின், ஒய் குரோமோசோமின் ஆர்பிஎஸ்4ஒய்1 என்ற மூன்றும் சதையின் சுத்தத்துக்கு. ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு புள்ளியாக வரைந்து பாருங்கள். சராசரிக் கோடு போட வேண்டாம். தனியாக விலகி நிற்கும் ஒரு புள்ளி கட்டாயம் கண்ணில் படும். விவரத் தாளில் அந்தச் சாம்பிளின் வரிசைக்குத் திரும்பிப் போய், அவருக்கு என்ன நடந்திருக்கிறது என்று படியுங்கள்.